பெரிய பாதி, சின்னப் பாதி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு தராசு வந்தது, பிள்ளைகளே.

பாசாரில் மீன் நிறுக்கிற தராசு இல்லை. உள்ளங்கை அகலத்தில் இரண்டு பித்தளைத் தட்டு, நடுவில் ஊசி மாதிரி ஒரு முள். பக்கத்து வீட்டுக் கிராணி ஐயா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ‘இதில் ஏதோ சூது இருக்கிறது’ என்றுதான் தோன்றியது.

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பஸ் வந்தால் நம்பரை இரண்டு தடவை பார்ப்பேன். டாக்டர் ஊசி போட வந்தால் மருந்துப் புட்டியைக் காட்டச் சொல்வேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு, ஊரே சேர்ந்து தன்னை ஏமாற்றப் போகிறது என்று ஒரு பயம் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருக்கும். எனக்கு இருக்கிறது. மறைப்பானேன்?

அந்தச் சந்தேகம் இந்தத் தடவை எங்கள் நாய் ஜானியின் உயிர்வரைக்கும் போய்விட்டு வந்தது.

ஜானியை உங்களில் பலருக்குத் தெரியும். போஸ்ட்மேன் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை முன்பு எழுதியிருக்கிறேன். ‘ஜானி சுகமா?’ என்று லகாட்டிலிருந்து ஒரு பாப்பா கடிதம் போட்டிருந்தாள். பாப்பா... ஜானிக்குச் சுகமில்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஜானிக்கு வலிப்பு நோய். திடீரென்று விழும். நாலு காலும் விறைத்து உதறும். வாயில் நுரை தள்ளும். ஐந்து நிமிடத்தில் எழுந்து, ‘எல்லாரும் ஏன் என்னையே பார்க்கிறீர்கள்?’ என்பதுபோல் விழிக்கும். ஈப்போ டவுனில் இருக்கும் சீன மிருக டாக்டர் பார்த்துவிட்டு ஒரு போத்தல் மாத்திரை கொடுத்தார்.

“காலையில் அரை. சாயங்காலம் அரை. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்” என்றார்.

இதில் என்ன கஷ்டம்? மாத்திரையை இரண்டாக வெட்டினால் அரை. இதைக்கூடவா எனக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டும்?

எனக்கு ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் வேறு ஷிப்ட். தினமும் மாத்திரை வெட்ட நேரம் ஏது? அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, ஏழு நாளுக்கு ஏழு மாத்திரையை ஒன்றாக வெட்டிவிடுவது. என் மனைவி பார்வதியின் பாக்குவெட்டிதான் ஆயுதம். பதினாலு துண்டையும் ஒரு காலி ஜாம் போத்தலில் போட்டு மூடிவிடுவேன். காலையிலும் சாயங்காலமும் ஒரு துண்டை எடுத்து வாழைப்பழத்துக்குள் மறைத்து ஜானிக்குக் கொடுப்பது என் மகள் தேவியின் வேலை. தேவி நாலாம் ஆண்டு படிக்கிறாள். அவள் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

ஆனாலும் விஷயம் கோளாறாகப் போனது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஜானி படியிறங்கும்போது பின்னங்கால் இரண்டும் ஒரு பக்கம் போனது, உடம்பு வேறு பக்கம் போனது. செவ்வாய்க்கிழமை கூப்பிட்டால் தலையைத் தூக்கவில்லை. வியாழக்கிழமை பழைய ஜானியாகிவிட்டது. சனிக்கிழமை வலிப்பு.

அடுத்த வாரமும் அதே கதை. திங்கள், செவ்வாய் தள்ளாட்டம். சனி வலிப்பு.

ஒரு தடவை என்றால் சரி. இரண்டு வாரம் நாள் தவறாமல் வருமா? நோய்க்குக் காலண்டர் தெரியுமா? யாரோ செய்கிறார்கள்... யார்?

இரண்டாவது சனிக்கிழமை ஜானி விழுந்தது வீட்டுக்குள் இல்லை. நடு ரோட்டில். சைக்கிளில் வந்த பையன் ஒருவன், “ஓய்! நாய்க்கு வெறி பிடிச்சிருச்சு!” என்று கத்தினான். அவ்வளவுதான், எங்கள் லோரோங், அதாவது சந்து, முழுக்கக் கதவு திறந்தது. ஒருத்தர் கட்டையோடு வந்தார். வெறி இல்லை, வலிப்பு என்று நான் சொல்வதை யார் கேட்டார்கள்? நுரையைப் பார்த்த பிறகு யாருக்குக் காது கேட்கும்?

அப்போதுதான் கிராணி ஐயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

அவர் பெயர் கனகசபை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்கள் லோரோங்கில் யாருக்கு என்ன பெட்டிஷன் எழுதவேண்டும் என்றாலும் அவர்தான். அழகான இங்கிலீஷில் எழுதுவார்.

“தம்பி, நான் சொல்லுறனெண்டு குறை நினைக்காதையும்,” என்றார். “இஞ்ச சின்னப் பிள்ளையள் ஓடி விளையாடுற இடம். இன்னொருக்கா உது றோட்டில விழுந்தா, முனிசிபலுக்கு எழுதாம இருக்கேலாது.”

முனிசிபல் ஆட்கள் வந்தால் கையில் துப்பாக்கியோடுதான் வருவார்கள். அது தேவிக்கும் தெரியும். அவள் ஜானியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி நிறுத்தி உள்ளே கூட்டிவர நானும் பார்வதியும் பட்ட பாடு!

அன்றைக்கு என் சந்தேகத்துக்கு ஒரு முகம் கிடைத்தது. கிராணி ஐயாவின் முகம்.

ஏன் என்கிறீர்களா? ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் வேலிக்கு மேலே கையை நீட்டி ஜானிக்கு ஒரு பிஸ்கட் போடுவார். திங்கட்கிழமை மட்டும்! திங்கட்கிழமை பிஸ்கட், திங்கட்கிழமை தள்ளாட்டம். கணக்கு சரியாக இருக்கிறதா இல்லையா?

மறு திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று டாக்டரிடம் எம்.சி. சீட்டு எடுத்துக்கொண்டு, செம்பருத்தி வேலிக்கு இந்தப் பக்கம் குனிந்து உட்கார்ந்தேன். பத்து மணிக்கு அவர் வந்தார். பிஸ்கட் விழுந்தது. ஜானி எடுப்பதற்குள் நான் பாய்ந்து எடுத்துவிட்டேன். முகர்ந்தேன். நக்கினேன். பிறகு ஒரு கடி கடித்தேன்.

பார்வதி துணி காயப்போட வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏங்க, நாய் பிஸ்கட்டைப் புடுங்கியா தின்றீங்க?”

“சத்தம் போடாத. விஷம் கலந்திருக்கான்னு பாக்குறேன்.”

“விஷம் இருந்தா?”

அதை நான் யோசிக்கவில்லை.

“நல்லா இருக்குலா உங்க சோதனை! வலிப்பு ஜானிக்கா, இல்ல உங்களுக்கா?”

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிஸ்கட் ருசியாகத்தான் இருந்தது. அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது — இவ்வளவு நல்ல பிஸ்கட்டை ஒரு மனிதர் சும்மா நாய்க்குப் போடுவாரா?

அன்று ஜானி பிஸ்கட் தின்னவில்லை. ஆனால் சாயங்காலம் தள்ளாடியது. அதோடு நான் விட்டிருக்க வேண்டும். விட்டேனா? பிஸ்கட் இல்லை என்றால் டாக்டர் பழைய மருந்தைக் கொடுத்துவிட்டார் என்றேன். பார்வதி சோற்றில் எதையோ மாற்றிவிட்டாள் என்றேன். பார்வதி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கிராணி ஐயா எதைக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது என்று தேவிக்கு உத்தரவு போட்டேன்.

சனிக்கிழமை ஜானி மறுபடி விழுந்தது. நல்லவேளை, கேட்டுக்கு உள்ளே. ஆனால் வேலி என்ன சுவரா? பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் இருக்குமா?

இப்போது நீங்கள் தராசு வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டீர்கள்.

காலையில் நான் வாசலில் பேப்பரை விரித்து, ஏழு மாத்திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட் பக்கம் கிராணி ஐயா. முனிசிபல் கடிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று பார்த்ததும் புரிந்தது. நான் தலையைத் தூக்கவில்லை. பாக்குவெட்டியை அழுத்தினேன். டக். ஒரு துண்டு பேப்பரில் விழுந்தது, இன்னொன்று தெறித்துப் பூந்தொட்டிக்குப் போனது. எழுந்து போய் எடுத்து ஊதிவிட்டுப் பேப்பரிலேயே போட்டேன்.

“உதென்ன வேலை?” என்றார்.

“ஜானிக்கு மருந்துங்க. அரை அரையா வெட்டுறேன்.”

“இந்தக் குளிசையையோ?” மாத்திரையை அவர் குளிசை என்றுதான் சொல்வார். குனிந்து பேப்பரைப் பார்த்தார். அங்கே கிடந்த இரண்டு துண்டைக் காட்டினார். “இது ரெண்டும் ஒரே குளிசையோ?”

“ஆமாங்க.”

“இதை நீர் அரை எண்டு சொல்லுறீர்?”

“ரெண்டா வெட்டுனா அரைதானே?”

அவர் விறுவிறு என்று வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போதுதான் கையில் அந்தத் தராசு.

எனக்கு ஏன் சுருக்கென்றது என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ரப்பர்ப் பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று தோட்ட ஆபீசில் கொஞ்சம் பாலை எடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். உறைந்த துண்டை நிறுப்பதற்கு இந்த மாதிரிச் சின்னத் தராசு இருக்கும். அந்த நிறையை வைத்துத்தான் கூலி. முள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கிராணிக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் அம்மா பால் வெட்டிய தோட்டம் வேறு, கிராணி வேறு. ஆனால் “இன்னிக்குப் பாலுல தண்ணி ஜாஸ்தி” என்று கேட்டுக் கேட்டு, அந்தத் தராசை முறைத்தபடியே வேலை செய்து ஓய்ந்தவர் எங்கள் அம்மா.

அப்படிப்பட்ட தராசு என் வாசலுக்கே வந்தால் நான் நம்புவேனா?

அவர் ஒரு மாத்திரையின் இரண்டு துண்டையும் தட்டுக்கு ஒன்றாக வைத்தார். இடது தட்டு சட்டென்று இறங்கியது.

“மாத்திப் போடுங்க,” என்றேன்.

“என்ன?”

“அந்தப் பக்கத்துத் துண்ட இந்தப் பக்கம் போடுங்க. தட்டு கள்ளத் தட்டா இருந்தா?”

கிராணி ஐயா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மெதுவாகத் துண்டுகளை எடுத்து மாற்றி வைத்தார். இப்போது வலது தட்டு இறங்கியது. தராசில் குற்றம் இல்லை.

“இவ்வளவு வருசத்தில என்னட்ட ஒருத்தரும் மாத்திப் போடச் சொல்லிக் கேட்டதில்லை,” என்றார்.

“கேக்க விட்டிருப்பீங்களாய்யா?”

அவர் முள்ளையே பார்த்துக்கொண்டு இருந்தார். “...இல்லை,” என்றார்.

பிறகு இருவரும் வேலையில் இறங்கினோம். ஏழு மாத்திரையையும் வெட்டி முடித்து, எல்லாத் துண்டையும் நிறுத்து வரிசையாக வைத்தோம். பெரியது இந்தக் கோடியில், சின்னது அந்தக் கோடியில். ஒரு மாத்திரை மூன்றாக உடைந்திருந்தது. பேப்பர் மடிப்பில் வெள்ளைத் தூள் வேறு. கடைசிக் கோடியில் இருந்த இரண்டு துண்டையும் ஒரே தட்டில் போட்டார், முதல் துண்டை எதிர்த் தட்டில் வைத்தார். முள் நடுவில் நின்றது.

இரண்டு ‘அரை’ சேர்ந்தால்தான் ஒரு ‘அரை’! எனக்கு வியர்த்துவிட்டது.

“சரி, துண்டு சின்னது பெரிசா இருக்கு,” என்றேன். “ஆனா கலந்துதானே போத்தல்ல கிடக்கு? அதெப்படி திங்கக்கிழமையே பெருசு வரும், சனிக்கிழமையே சின்னது வரும்? யாரு பொறுக்கி...”

“நான்தான்பா,” என்றாள் தேவி.

எப்போது வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றாளோ!

“பெரிய பாதியாப் பாத்துப் பாத்துக் குடுப்பேன். ஜானிக்குச் சீக்கிரம் நல்லாயிரும்ல? பெரிய பாதி எல்லாம் தீந்தப்புறம்தான் சின்னப் பாதி எடுப்பேன். சனிக்கிழமை தூள்தான் இருக்கும். அதையும் போத்தலத் தட்டிக் குடுத்துருவேன்.”

பெரிய பாதி.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரிடம் ‘பெரிய பாதி’ என்று சொல்லிப் பாருங்கள், காதைத் திருகுவார். பாதியில் ஏது பெரியது, ஏது சின்னது? ஆனால் எந்த வீட்டில் பெரிய பாதி இல்லை, சொல்லுங்கள்? அப்பளத்தை உடைத்தால் பெரிய பாதி உண்டு. கச்சான் மிட்டாயை, அதான் கடலை மிட்டாயை, உடைத்தால் பெரிய பாதி உண்டு. நமக்குப் பிடித்தவர்களுக்கு அதைத்தான் கொடுப்போம். தேவி ஜானிக்குக் கொடுத்தாள். மருந்துக்கு அது தெரியுமா?

கிராணி ஐயா தராசை ஓரமாக எடுத்து வைத்தார். தேவிக்கு மெதுவாகத்தான் விளங்கியது. உதடு கோணியது.

“அப்ப... நான் குடுத்துத்தான் ஜானிக்கு அப்படி ஆச்சா?”

பிள்ளைகளே, நான் யார் யாரையோ சந்தேகப்பட்டேன். டாக்டரை, கட்டின மனைவியை, பக்கத்து வீட்டுக்காரரை. என் கையில் இருந்த பாக்குவெட்டியை ஒரு நாளாவது திருப்பிப் பார்த்தேனா?

“வெட்டுனது யாரு?” என்று கேட்டேன்.

“நீங்க.”

“அப்ப யாரு தப்பு?”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். “உங்க தப்பு,” என்றாள். கொஞ்சம் சீக்கிரமாகவே ஒப்புக்கொண்டாள் என்று எனக்குத் தோன்றியது!

மறுநாள் முதல் வேலையாக டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். பாக்குவெட்டி என்றதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மருந்து கூடினால் நாய் தள்ளாடும், தூங்கி வழியும். குறைந்தால் வலிப்பு வரும், அதுதான் நடந்திருக்கிறது என்றார். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அன்றாடம் ஒரு மாத்திரையை மட்டும் வெட்டி, அதன் இரண்டு துண்டையும் அதே நாளில் கொடுக்க வேண்டுமாம். துண்டு ஏறக்குறைய இருந்தாலும் அன்றைய மொத்தம் ஒரு மாத்திரையில் நிற்கும், நாளுக்கு நாள் ஏறி இறங்காது.

“இதைவிடச் சின்ன மாத்திரையே இல்லையா டாக்டர்?” என்று சும்மா கேட்டு வைத்தேன்.

“அடா லா! யூ தா தான்யா!” என்றார். இருக்கிறதே, நீ கேட்கவே இல்லையே என்கிறார்! அலமாரியிலிருந்து எடுத்தும் கொடுத்தார். பாதி அளவு மருந்துள்ள சின்ன மாத்திரை. முழுசாக ஒன்று கொடுத்தால் போதும், வெட்டவே வேண்டாம். ஊரில் இல்லாத சந்தேகமெல்லாம் படத் தெரிந்த எனக்கு, ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை, பாருங்கள்.

(உங்கள் வீட்டு நாய், பூனைக்கும் மருந்து இருந்தால் நீங்களாக வெட்டவும் கூடாது, கூட்டிக் குறைக்கவும் கூடாது. அப்பா அம்மாவை அழைத்துப்போய் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.)

ஞாயிறு கொடுத்தது பழைய துண்டுதானே, திங்கட்கிழமை தள்ளாட்டம் கொஞ்சம் இருந்தது. புதன்கிழமைக்குள் போய்விட்டது. ஆனால் எனக்குப் பயம் சனிக்கிழமைதான்.

நேற்றுத்தான் அந்தச் சனிக்கிழமை. காலையிலிருந்து நானும் தேவியும் ஜானியின் பின்னாலேயே நடந்தோம். அது தண்ணீர் குடித்தால் நின்றோம். கொட்டாவி விட்டால் பதறினோம். ஒரு தடவை காலை உதறியது. தேவி வீல் என்று கத்திவிட்டாள். பார்த்தால் உண்ணி! பொழுது சாய்ந்தது. ஜானி விழவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கிராணி ஐயாவும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எனக்கு நெஞ்சில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வேலிப் பக்கம் போனேன்.

“ஐயா, ஒன்னு சொல்லணும். நீங்க திங்கக்கிழமை போடுற பிஸ்கட்டுல... ஏதோ கலந்து குடுக்குறீங்கன்னு நெனச்சேன். மன்னிச்சுக்குங்க.”

“உமக்கென்ன விசரோ? அது ஞாயித்துக்கிழமையில என்ர மகள் தைப்பிங்கிலயிருந்து கொண்டு வாற பிஸ்கட். எனக்கு இனிப்புக் கூடாதெண்டு ஒளிச்சு வச்சு உந்த நாய்க்குப் போடுறனான்.” அதோடு விடவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு கடித உறையைக் கொண்டு வந்தார். “நானும் ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்குத் தராசோட வரேக்கை இது என்ர பொக்கற்றுக்குள்ள இருந்தது.”

முனிசிபலுக்கு எழுதிய கடிதம். ஸ்டாம்புகூட ஒட்டியிருந்தது. இங்கிலீஷ் எனக்கு அவ்வளவு ஓடாது என்று அவரே தமிழில் சொல்லத் தொடங்கினார். நாலாவது வரியில் நிறுத்திவிட்டார்.

“சொல்லுங்கய்யா.”

“ஞாயித்துக்கிழமை லீவிலை நிண்டு நீர் சம்சு குடிக்கிறதோட, நாய்க்கும் ஊத்திறீர் எண்டு எழுதிப்போட்டன்,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “திங்கக்கிழமை திங்கக்கிழமை அது நடக்கிற நடையைப் பாத்தா வேற என்னத்தை நினைக்கிறது?”

சம்சு என்றால் மலிவுச் சாராயம், பிள்ளைகளே. உள்ளே பார்வதி சிரித்த சிரிப்பு லோரோங் கோடிவரைக்கும் கேட்டிருக்கும்.

கடிதத்தை அவரே கிழித்துப் போட்டார். ஆனாலும் லோரோங்கில் வேறு யாரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாரோ... அதனால் எதற்கும் இங்கே எழுதிவைக்கிறேன்: நான் குடிப்பதில்லை. ஜானியும்தான்.